ஒரு கைக்குள் அடங்கும் விடைகள்

ஈப்போவில் நான் ரத்தம் கழுவப் போகும் நிலையம் ஒரு கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பல் மருத்துவர். வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்திருக்க, என் சிறுநீரகங்கள் செய்ய மறந்த வேலையை இயந்திரம் செய்யும். இடது கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கை மட்டும் சும்மா கிடக்கும்.

முதல் சில மாதங்கள் நான் யாரோடும் பேசவில்லை. வாகன உதிரிபாகக் கடையில் நாளெல்லாம் வாடிக்கையாளர்களோடு கத்திக்கொண்டிருந்தவன், இங்கே வந்ததும் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். என் வலப்புறம் ஒரு அக்கா. சித்தியவானில் பிறந்தவர், கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவர், வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஊசி குத்துவதற்கு முன்னால் கண்ணை மூடி ஏசுவிடம் ஏதோ சொல்வார், குத்தி முடித்ததும் கண்ணைத் திறப்பார். எதிர் வரிசையில் ஒரு அண்ணன். பல வருஷம் லாரி ஓட்டியவர். அவரும் என்னைப் போலவே ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர். நான் பிறந்த தோட்டம் சிலிம் ரிவர் பக்கம், அவருடையது சுங்கை சிப்புட் பக்கம். இரண்டிலும் இப்போது ரப்பர் இல்லை.

ஒரு நாள் தொலைக்காட்சியில் மாட்டுப் பண்ணையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை அணைத்திருந்தார்கள். எதிரிலிருந்த அண்ணன் திடீரென்று கேட்டார்.

"மாட்டுக்கு எத்தன வயிறு, தெரியுமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் வலது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன். அக்காவும் ஒரு விரல் காட்டினார். அண்ணன் நாலு விரல்களைக் காட்டி, வெற்றியோடு கையை ஆட்டினார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். மாட்டுக்கு வயிறு ஒன்றுதான், ஆனால் அதற்குள் நாலு அறைகள். ஆக, இரு தரப்புக்கும் பாதிப் பாதி வெற்றி. அதைச் சொன்னபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு ரூம்பு இருந்தா நாலு வயிறுதானே லா," என்றார். அந்த விவாதம் முடியும்போது இயந்திரம் கூவியது. நேரம் போனதே தெரியவில்லை.

அப்படித்தான் எங்கள் விளையாட்டு தொடங்கியது. சட்டம் எளிது. விடை எண்ணாக இருக்க வேண்டும். அது ஒரு கை விரல்களுக்குள் அடங்க வேண்டும். பூஜ்யம் என்றால் முஷ்டியை மூட வேண்டும். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியதில்லை.

இத்தனை விஷயங்கள் ஐந்துக்குள் அடங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். தேனீக்கு ஐந்து கண்கள், இரண்டு பெரியவை, உச்சந்தலையில் மூன்று சின்னவை. கொசுவுக்கு இறக்கை இரண்டே இரண்டு. சுறாவின் உடம்பில் எத்தனை எலும்பு என்று அக்கா கேட்டபோது நாங்கள் திருதிருவென விழித்தோம். அவர் முஷ்டியை மூடிக் காட்டினார். எல்லாம் குருத்தெலும்பாம். சித்தியவானில் அவர் அப்பா மீன் விற்றவராம். "அதான் கறியில சுறாவ மென்னா பல்லுக்கு இதமா இருக்கு," என்றார்.

ரப்பர் காயில் எத்தனை கொட்டை என்று நான் கேட்டேன். லயத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காய் வெயிலில் வெடித்துச் சிதறுவதைக் கேட்டுக்கொண்டே மதியம் தூங்கியவர்கள் நாங்கள். ஆனாலும் அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். "பொறுக்குனது ஞாபகம் இருக்கு. காய முழுசா பாத்ததுதான் ஞாபகம் இல்ல," என்று சொல்லி மூன்று விரல்களைக் காட்டினார். சரியான விடை. ஆனால் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெரியாத கேள்வி எதுவானாலும் மூன்று காட்டுவார். ஒட்டகத்தின் ஒரு கண்ணுக்கு எத்தனை இமை என்ற கேள்விக்குக்கூட அப்படித்தான் காட்டினார். அதுவும் சரியாக அமைந்துவிட்டது. அதிலிருந்து, தெரிந்துதான் காட்டுகிறாரா என்று எங்களுக்கு அவர்மேல் ஒரு சந்தேகம்.

ஒரு தடவை அண்ணன் புதிதாக ஒன்று சொன்னார். மங்குஸ்தீன் பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு குறி இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்றார். அக்கா நம்பவில்லை. அடுத்த முறை அண்ணனின் மனைவி ஒரு பை நிறைய மங்குஸ்தீன் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். பழம் என்றாலே எங்களுக்கு அளவு உண்டு, நினைத்தபடி சாப்பிட முடியாது. மிஸியைக் கெஞ்சி, ஒவ்வொரு பழமாக நறுக்கிக் காட்டச் சொன்னோம். முதலில் அடியில் இருக்கும் இதழ்களை எண்ணுவது, பிறகு திறந்து சுளைகளை எண்ணுவது. எட்டு, ஆறு, ஐந்து, ஏழு. ஒரு பழம்கூடப் பொய் சொல்லவில்லை. பல எண்கள் ஒரு கை விரலுக்குள் அடங்காதவை என்றாலும் அன்றைக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினோம். தூங்கிக்கொண்டே இருக்கும் சீனப் பெரியவர்கூட எழுந்து பார்த்தார். ஆளுக்கு ஒரு சுளை எங்களுக்கு, மீதியெல்லாம் மிஸிகளுக்கு. எத்தனையோ வருஷமாக அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்படிக் கேள்விகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் கைப்பேசியில் அது என் கண்ணில் பட்டது. விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"சிறுநீரகம் மாத்தி வெச்ச ஆளோட உடம்புல மொத்தம் எத்தன சிறுநீரகம் இருக்கும்?"

அண்ணன் உடனே இரண்டு விரல் காட்டினார். அக்கா சற்றுத் தயங்கி ஒன்று காட்டினார்.

"பாத்தீங்களாண்ணே, இன்னிக்கின்னு பாத்து நீங்க மூணு காட்டல," என்றேன். "மூணுதான் விடை. பெரும்பாலும் பழசு ரெண்டையும் எடுக்க மாட்டாங்களாம். புதுசு ஒண்ணு மட்டும் உள்ள போகும்."

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் என்னையே பார்த்தன.

"தம்பி, இத வெளையாட்டுக்குச் சொல்லாதீங்க."

"வெளையாட்டு இல்லக்கா. இங்க போட்டிருக்கு."

"போன்ல ஆயிரம் போடுவான்," என்றவர் மிஸியைக் கூப்பிட்டார். "மிஸி, இவரு சொல்றது பெத்துலா, நெசமா? பழசு ரெண்டையும் வெட்டி எடுத்துற மாட்டாங்களா?"

மிஸி அக்காவின் இயந்திரத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெத்துல்தான்க்கா. பழசால ஏதும் தொல்லை இருந்தாத்தான் எடுப்பாங்க. இல்லாட்டி அது பாட்டுக்கு அங்கயே இருக்கும். புதுச முன்பக்கம், அடிவயித்துல வெப்பாங்க."

அக்கா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். போர்வைக்கு மேலே வலது கையை வைத்தார், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அன்றைக்கு அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவர் விரல் காட்டவில்லை. நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

அடுத்த முறை ஊசி குத்தி முடித்ததும் அக்காவே பேச்சைத் தொடங்கினார். குரல் தாழ்ந்திருந்தது.

"என் தம்பி ஒருத்தன் இருக்கான். தஞ்சோங் மாலிம்ல காரு பெக்டரில வேல. போன வருஷமே கேட்டான், அக்கா நான் ஒண்ணு தரேன்னு. நான் வேணாம்னுட்டேன்."

"ஏங்கா?"

"எனக்குக் காலையில இன்னும் கொஞ்சம் போகுது. ஒரு கிளாஸ் இருக்கும், அவ்வளவுதான். அது வர்றப்ப ஒரு நிம்மதி. இன்னும் உள்ள ஏதோ வேல செய்யுதுன்னு. ரெண்டையும் எடுத்துப் போட்டுட்டு அவனோடத வெச்சு, அதுவும் ஒரு நாளு நின்னு போச்சுன்னா? உள்ள ஒண்ணுமே இருக்காதேன்னு பயம்."

வெளியாள் யாருக்கும் இது புரியாது. எங்களில் பலருக்குச் சிறுநீர் முழுக்க நின்றுபோய்விட்டது. அந்த ஒரு கிளாஸின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். எதிரில் அண்ணனும் தலையசைத்தார்.

"டாக்டருகிட்ட கேட்டிருக்கலாமேக்கா?" என்றேன்.

"அவரு ஆப்ரேசன்னு ஆரம்பிச்சதும் என் காது அடைச்சிக்கும். தலைய ஆட்டிட்டு வந்துருவேன். நீங்க பரீட்ச மாதிரி கேட்டதாலதான் யோசிச்சேன். ஒண்ணுன்னு காட்டுனப்பக்கூட, இத யாரு எனக்குச் சொன்னான்னு ஞாபகம் இல்ல. யாருமே சொல்லல. நானா நெனச்சிக்கிட்டது."

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒண்ணு குடுத்துட்டு ஒண்ணோட இருக்கிறவன் எத்தன வருஷம் நல்லா இருப்பான்?"

நான் தேடினேன். விரல்களுக்குள் அடங்கும் எண் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்றது ஒன்று. தொடர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றது இன்னொன்று. அக்காவின் தம்பி என்ற ஒரு ஆளுக்கு என்ன ஆகும் என்று எதுவும் சொல்லவில்லை.

"இதுக்கு நம்பர் இல்லக்கா. பெரிய டாக்டருகிட்டதான் கேக்கணும்."

"கேக்குறேன்," என்றார் அக்கா.

கேட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போய், இந்த முறை காதை அடைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பிறவியிலேயே ஒரே ஒரு சிறுநீரகத்தோடு பிறந்து, அது தெரியாமலேயே வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம். எங்களிடம் வந்து அதைச் சொன்னபோது அண்ணன் ஆச்சரியத்தில் தன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. பிறக்கும்போது என் உடம்பில் எத்தனை இருந்தன? இரண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அது எப்படித் தெரியும்? அடுத்த பரிசோதனையில் ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இரண்டுதான், சுருங்கிப்போய்க் கிடக்கின்றன," என்றார். எனக்கென்னவோ திருப்தியாக இருந்தது.

அக்கா தம்பியிடம் சரி என்றார். அதன் பிறகு அவர்கள் இருவருக்கும் மாதக்கணக்கில் பரிசோதனைகள். ஒரு நாள் அக்காவின் தம்பியே நிலையத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி, உயரம். இரவு வேலை முடிந்து நேராகக் காரோட்டி வந்திருந்ததால் கண்கள் சிவந்திருந்தன. அக்காவின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் விளையாட்டைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார் போல.

"நீங்கதான் மூணுன்னு சொன்ன அண்ணனா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் சொல்லல. படிச்சதக் கேட்டேன், அவ்வளவுதான்."

"ஒரு வருஷமா கெஞ்சிட்டிருந்தேண்ணே. எம்மேல நம்பிக்க இல்லன்னு நெனச்சிக்கிட்டேன். இதுதான் பயம்னு எனக்குத் தெரியல."

அக்கா போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்தது. கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்காவின் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார், கேள்விகளில் ஆர்வமில்லாதவர். நானும் அண்ணனும் மட்டும் சில வாரம் விளையாடிப் பார்த்தோம். மனம் ஒட்டவில்லை. அக்காவின் மகள் அனுப்பிய செய்திகளை மிஸி படித்துச் சொல்வார். புதிய சிறுநீரகம் முதல் சில நாள் மந்தமாக இருந்ததாம், அக்காவைத் திரும்பவும் இயந்திரத்தில் போட்டார்களாம். அதைக் கேட்ட அன்று அண்ணன் தொலைக்காட்சியைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வேலை செய்யத் தொடங்கியது என்று செய்தி வந்தது.

சில மாதங்கள் கழித்து, மழை வரப்போகும் ஒரு மதியத்தில், அக்காவும் தம்பியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். அக்காவின் முகம் மருந்தினால் உப்பியிருந்தது, நிறம் திரும்பியிருந்தது. கதவருகிலேயே நின்று பேசினார். கிருமிக்குப் பயந்து உள்ளே வரவில்லை. அடிவயிற்றின் வலப்புறத்தைத் துணிக்கு மேலே தொட்டுக் காட்டி, "இங்கதான். கை வெச்சா சின்னதா மேடு தெரியுது," என்றார். அதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஆர்வம்தான். சூடாக இருக்குமா, கனமாக இருக்குமா, திரும்பிப் படுத்தால் தெரியுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். தெரியாது, தெரியாது, கொஞ்சம் தெரியும் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். இனி தண்ணீரை அளந்து குடிக்க வேண்டாம், நிறையக் குடி என்று டாக்டர் திட்டுகிறாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வராத மாதிரி இருந்தது.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலண்ணே. பசிதான் கூடிருக்கு. இங்க நல்ல சாப்பாட்டுக்கட எங்க இருக்கு?"

லாரி அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், எந்தக் கடையில் மதியத்துக்குப் பிறகு போகக் கூடாது, எங்கே காரை நிறுத்தினால் அபராதச் சம்மன் வராது என்று வலது கையால் காற்றில் வரைபடம் போட்டு விளக்க ஆரம்பித்தார். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். வெளியே மழை தொடங்கியது. அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.