அப்பாவும் நானும் சேர்ந்த முத்திரை

ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. சாக்கில் போட்டிருக்கும் மார்க்கைப் பார்த்தே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். டிசைன் படித்த நான், அவர் பெயரின் முதலெழுத்தையும் என் முதலெழுத்தையும் பின்னி, வட்டத்துக்குள் ஒரு முத்திரை வரைந்தேன். என் விசிட்டிங் கார்டில் அவரும் இருக்க வேண்டும் என்று ஆசை.

“எடே மக்கா, இது மிளகாய்க் கடைக்காரரு மார்க்கல்லே! இதைக் கண்டா உன்னையும் தூக்கி அவரு குடோன்ல இறக்கிருவோம்” என்றார் அப்பா.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்பம் நம்ம மார்க்கு என்னப்பா?”

“சுமட்டுக்காரனுக்கு எதுக்குடே மார்க்கு? மூட்டையில குத்தக் கொக்கி இருந்தாப் போதும்.”

வட்டத்தை அழித்துவிட்டு, எழுத்துகளைச் சுற்றி அவருடைய கொக்கியை வளைத்தேன். அப்பா வாசல்வரை தள்ளிப்போய், மூட்டை அடுக்கைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார்.

“இது ஆரியசாலையில ஒருத்தன்கிட்டயும் கிடையாது, கேட்டியா.”