தண்ணீர் ஊற்றாத துறைமுகம்

டெல்லி முனிர்கா அறையில் என் குட்டிப் போர்க்கப்பலுக்கு நானே ஒரு துறைமுகம் கட்டுகிறேன். அட்டையில் வெட்டிய சுவருக்கு ரெட் ஆக்ஸைடு பூசினேன், அவ்வளவுதான். அந்த வாடை என்னைச் சின்ன வயது ஜனக்புரி வீட்டு பால்கனிக்கு இழுத்துப் போய்விட்டது.

ஏப்ரல் பிறந்தால் அப்பா எங்கள் இரும்பு ஏர்கூலரின் தண்ணீர்த் தொட்டிக்கு இதே பெயிண்டைத்தான் அடிப்பார். காய்ந்ததும் தண்ணீர் நிரப்புவார். நான் காகிதக் கப்பல் விடுவேன். மோட்டார் ஓடும்போது மட்டும் யாரும் வெறுங்காலோடு கிட்டே போகக் கூடாது.

"செருப்புடா, செருப்பு! ஷாக் அடிச்சா உன் கப்பல்படையா வந்து காப்பாத்தும்?" என்று அப்பா அதட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பூஜைக்குப் போனவர், கூலரில் தண்ணீர் வற்றிய சத்தம் கேட்டு வாளியைத் தூக்கினார்.

"ஏன்னா, செருப்பு!" என்றாள் அம்மா.

"மடியா இருக்கேன்டீ. ஒரு நிமிஷம்தானே."

அம்மா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"சூப்பர்டா!" அறைத்தோழன் செந்தில் எட்டிப் பார்க்கிறான். "கடலை எப்ப ஊத்துவ?"

"ஊத்த மாட்டேன். இது கப்பலை ரிப்பேர் பண்ற துறை. தண்ணிய மொத்தமா வடிச்சப்புறம்தான் ஆளை உள்ள விடுவாங்க."

சொல்லிக்கொண்டே, சுவரோரம் நிற்கப்போகும் விரல்நுனி அளவு மனிதனின் காலுக்குக் கறுப்பு பூட்ஸ் வரைகிறேன்.