முகம் வேண்டுமா, இடம் வேண்டுமா

மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போனவர்கள் மோட்டாரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கனமாக இருந்திருக்கும்.

காவலூருக்கு இரண்டு நிறுத்தம் முன்பாக எங்கள் வீடு. நான் திருப்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் ஏழு மணிக்குப் பூட்டினால் வீடு திறக்க மாலை ஆறரை ஆகிவிடும். நடுவில் எங்கள் வீட்டுப் பக்கம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒயர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதனால் கேமரா வாங்குவது என்று முடிவானது.

சனிக்கிழமை திருப்பத்தூரில் ஒரு கேமரா கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் வீட்டைப் பற்றி நிறையக் கேட்டார். வாசல் எந்தப் பக்கம், கேட் எவ்வளவு தூரம், மரம் இருக்கிறதா, பக்கத்தில் வீடு இருக்கிறதா. பெண் பார்க்க வந்தபோதுகூட என் மாமியார் வீட்டில் இத்தனை கேட்கவில்லை. கடைசியில், "இன்னா லென்ஸ் போடலாம்ங்க?" என்றார்.

"எது நல்லதோ அது," என்றார் கணவர்.

"அப்டி இல்லீங்க. நம்பர் சின்னதா இருந்தா அகலமா தெரியும். நம்பர் பெருசானா தூரத்துல இருக்கிறது கிட்ட வரும், ஆனா குறுகலா தெரியும். ரெண்டு புள்ளி எட்டு போட்டா வாசலு, கேட்டு, ரோடு, பக்கத்து வூடு எல்லாம் வந்துடும். ஆறு போட்டா கேட்டாண்ட நிக்கிறவன் மூக்குல மச்சம் தெரியும். ஆனா அவன் பக்கத்துல நிக்கிறவன் தெரிய மாட்டான். உங்களுக்கு முகம் வேணுமா, இடம் வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னா ரெண்டு கேமரா."

கணவர் திரும்பி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். முடிவு என் கைக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆட்கள் குறைவு. இடம் தெரிந்தால் ஆள் யார் என்று யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம், முகம் மட்டும் தெரிந்து என்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது. ரெண்டு புள்ளி எட்டு என்று சொல்லிவிட்டேன். அந்த யோசனையைப் பற்றி ஒரு வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது.

இருட்டிலும் கலராகத் தெரிய வெள்ளை விளக்கு போட்ட கேமரா ஒன்றைக் காட்டினார். அது எங்களுக்கு ஆகாது. மேலே காவலூரில் பெரிய தொலைநோக்கி இருப்பதால் எங்கள் பக்கம் வெளிச்சத்தை அடக்கித்தான் வைப்போம். வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது இருட்டாக இருக்க வேண்டும். ராத்திரிக்குக் கறுப்பு வெள்ளையே போதும் என்று வாங்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு நான்தான் மாட்டினேன். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் லெஃப்டு, கொஞ்சம் லெஃப்டு" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் காலை. படம் என் போனில் இருந்தது.

படத்தில் எங்கள் வீடு எனக்குத் தெரியாத வீடாக இருந்தது. வாசல் தூண்கள் இரண்டும் வளைந்திருந்தன. முப்பதடி தூரத்தில் இருக்கும் கேட் அடுத்த மலைக்குப் போய்விட்டது. கணவரைக் கேட்டில் போய் நிற்கச் சொன்னேன். தீக்குச்சி மாதிரி ஒருவர் கையாட்டினார்.

"தெரியுறனா?"

"யாரோ நிக்கிறாங்கன்னு தெரியுதுங்க."

அடுத்த நாள் காலையில் இன்னொரு பிரச்சினை. எங்கள் வாசல் கிழக்கு. சூரியன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எழுந்து நேராகக் கேமராவுக்குள் பார்த்தது. வானம் வெள்ளையாகவும் மனிதர்கள் கரியாகவும் இருந்தார்கள். கடைக்காரருக்குப் போன் செய்தேன். செட்டிங்கில் டபிள்யூடிஆர் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள், வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் என்றார். போட்டேன். சமமாகிவிட்டது. முகங்கள் சாம்பல் நிறத்துக்கு வந்தன.

"இன்னா இது, நான் செத்துப் போய்ட்ட மாதிரி கீறேன்," என்றார் கணவர்.

கலரை ஏற்றினேன். வாசலோரத்துச் செவ்வாழை இலை பச்சையாகப் பளபளத்தது, கணவர் ஆரஞ்சு ஆனார். கூர்மையை ஏற்றினால் எல்லோருக்கும் ஓரத்தில் வெள்ளைக் கோடு வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பாதிக்குக் கொண்டுவந்து வைத்தேன். கடையிலிருந்து வரும்போதும் அப்படித்தான் இருந்தது.

அசைவு தெரிந்தால் போனுக்குச் செய்தி வரும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் அலுவலகத்தில் மதியத்துக்குள் என் போன் சூடாகிவிட்டது. வாழை இலை அசைந்தது. பனிமூட்டம் வந்தது. பனிமூட்டம் போனது. அதையெல்லாம் குறைத்து, ரோட்டையும் கேட்டையும் மட்டும் கோடு போட்டுக் காட்டினேன். கேமராவுக்குள் இருக்கும் மெமரி அட்டையில் இடம் போதவில்லை என்பதால் ஒரு நொடிக்குப் பதினைந்து படம் எடுப்பதை ஒரு படமாகக் குறைத்தேன். மனிதர்கள் நடக்காமல் அங்கங்கே தோன்றினார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒயர் எடுத்தவர்கள் திரும்ப வரவே இல்லை.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அறுபது வயது இருக்கும். மூன்று ஆடுகளோடு தனியாக இருக்கிறார். மகளைக் கண்ணமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"ஏம்மா, உங்க கேமராவுல எங்க வூடு தெரியுதாமே?"

"யாருக்கா சொன்னது?"

"உங்க வூட்டுக்காரர்தான். பெருமையா சொல்றாரு."

போனைக் காட்டினேன். காலைப் பதிவில் நான் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன், ஓரத்தில் அவர் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு, உருண்டையா?"

"நீங்கதாங்க. ஓரத்துல இருக்கிறவங்கள இந்த லென்ஸ் கொஞ்சம் அகலமாக் காட்டும்க்கா."

"நடுவுல நிக்கிற நீ மட்டும் ஒல்லியா?"

அவர் சிறிது நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மறைச்சுடு," என்றார். மறைக்கவும் அதில் ஒரு செட்டிங் இருந்தது. அவர் வீட்டு வாசல் மேல் விரலால் ஒரு கட்டம் வரைந்தேன். அந்த இடம் கறுப்பானது. போனை வாங்கி இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்து, சரி என்று போனார்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மாலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா எங்கள் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆட்டைக் காணோம். ஒரு காது மட்டும் வெள்ளையாக இருக்கும் கறுப்பு ஆடு.

"கேமராவப் போடு."

போட்டேன். எங்கள் வாசல், ரோடு, கறுப்புக் கட்டம்.

"இதுல ஆடு எங்க?"

"இந்தக் கறுப்புக்குள்ளக்கா."

"எடு அத்த."

"இனிமே வர்றதுக்கு எடுக்கலாம். நடந்ததுல எடுக்க முடியாதுக்கா."

"யாரு மறைக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க," என்றார், அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு வந்த கணவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அக்கா கடைசியாக ஆட்டைப் பார்த்தது காலை பத்தரைக்கு. அங்கிருந்து ஓட்டினேன். கட்டம் கறுப்பாகவே இருந்தது. அரசு பஸ் ஒன்று போனது. ஒரு டூவீலர் போனது. பதினொன்றேகாலுக்கு ரோட்டில் ஓர் ஆள், தலையில் பலாத்தழைக் கட்டோடு வந்தார். அவர் கட்டத்தைத் தாண்டியதும் கறுப்பின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் காது வந்தது. பிறகு ஆடு வந்தது. அவர் பின்னாலேயே போனது.

படத்தைப் பெரிதாக்கினேன். அந்த ஆளின் முகம் நாலு சதுரமாக ஆனது. ஒன்று கொஞ்சம் வெளுப்பு. ஆறு நம்பர் லென்ஸ் போட்டிருந்தால் மச்சம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆளு யாருன்னு தெரியலக்கா."

"என் தம்பி," என்றார் அக்கா.

"எப்டிக்கா?"

"இடது கால ஒதுக்கி ஒதுக்கி வெக்கிறான் பாரு. சின்னதுல புளிய மரத்துலேர்ந்து வுழுந்தான்."

அந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் இருக்கிறார். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாவுக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அச்சகத்தில் செய்த தவறு என்று அக்கா சொன்னார். அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று தம்பி கேட்டார். அதோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். இந்த முறை அவர் ஆட்டைப் பார்க்கவில்லை, ஆளையே பார்த்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். தம்பி எங்கள் கேட்டருகே நின்று திரும்பி ஆட்டைப் பார்த்தார். பிறகு அக்கா வீட்டைப் பார்த்தார். நாலடி நடந்து மறுபடியும் திரும்பினார். ஒரு படத்தில் அவர் கை தலைக்கட்டின் மேல் இருந்தது. அடுத்த படத்தில் ஒரு கிளை தரையில் கிடந்தது. கிளை தானாக விழுந்ததா, அவர் உருவிப் போட்டாரா என்பது நடுவில் வந்திருக்க வேண்டிய படங்களில் இருந்திருக்கும். அவற்றை நான்தான் குறைத்திருந்தேன். ஆடு கிளையைத் தின்றது. அது தின்று முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டிருந்தார். பிறகு இருவரும் போனார்கள்.

அக்கா முந்தானையால் போன் திரையைத் துடைத்துக் கொடுத்தார்.

"வேன்ல கூட்டிப் போறேங்க, ஆட்டப் புடிச்சுட்டு வந்துடலாம்," என்றார் கணவர்.

"இருக்கட்டும். ஆடு எங்க போவுது, அங்கதான கீது. ரெண்டு நாளு தீனி போடட்டும் அவன்."

மூன்று நாள் போட விட்டார். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து, போனில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆடு இருக்கும் இடத்துக்கும் எங்கள் கேமராவுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் காடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடந்துபோனார். ஆடு பிடிக்கப் போவதாகச் சொன்னார்.

மாலையில் ஆட்டோடும் ஒரு பை சாமை அரிசியோடும் திரும்பியிருந்தார்.

"இன்னாக்கா பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல. அவன் பொண்டாட்டி காபி குடுத்தா. ஆடு எளச்சிருக்குதுன்னு சொன்னேன். எளைக்கல, உங்க வூட்டுல இருந்தத வுட நல்லாத்தான் கீதுன்னான். சாப்ட்டுப் போன்னான். சாப்ட்டேன்."

"கிளைய உருவிப் போட்டாரான்னு கேட்டீங்களா?"

"அத எதுக்குக் கேக்கணும்?"

ஆடு இளைத்ததாக எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே கறுப்புக் கட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தன் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். வாசல் இருட்டாக இருக்கிறது என்பார், வெளிச்சத்தை ஏற்றுவேன். இப்போது எங்கள் வாசலில் யாராவது நின்றால் வெளுத்துப்போய்விடுகிறார்கள். கேமராவை இடது பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினேன். அவர் ஒல்லியாகிவிட்டார். எங்கள் கேட்டில் பாதிதான் படத்தில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பாதி அடித்திருந்தபோது போனில் செய்தி வந்தது. திறந்தால் அக்கா வீட்டு வாசலில் தம்பி. கையில் தூக்குச் சட்டி. உள்ளே போகாமல் நின்றார், செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அக்கா வெளியே வந்து ஏதோ சொன்னார். திரும்பக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிதத்தை முடித்தேன். இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலத்திலிருந்து அக்காவின் மகள் வந்திருந்தாள். இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"மாமன் ஆட்ட ஓட்டிக்கினு போறத இவளுக்குக் காட்டு."

தேடினேன். இல்லை. அட்டை நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொள்ளும். பத்து நாளுக்கு முந்தையது எதுவும் இருக்காது. தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னேன்.

"இன்னா கேமரா வாங்கி வெச்சிருக்கே நீ," என்றார் அக்கா.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்கு அவரே சொன்னார். எந்த இடத்தில் நின்றான், கிளையை எப்படிக் கையை மேலே கொண்டுபோய் உருவி, ஆட்டின் வாய்க்கு எட்டும்படி குனிந்து வைத்தான் என்று எழுந்து நின்று செய்தே காட்டினார். மூன்று தடவை திரும்பிப் பார்த்தான் என்றார்.

பதிவில் இரண்டு தடவைதான். கணவர் வாயைத் திறந்தார். நான் அவருக்குக் காபி டம்ளரை நீட்டினேன்.