அல்சாஸா? லுவாரா?

போன வாரம்தான் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பிரான்ஸிலிருந்து யாங்கூன் திரும்பினோம். பார்க்கிறவர்கள் எல்லாம் ஈஃபில் டவரைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கோ, இங்கே பபேடான் பேட்டையில் ஒரு மூன்றாவது மாடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

அங்கே சுமதி என்பவர் — பர்மிய மரியாதை வழக்கில் மா சுமதி — ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் நடத்துகிறார். நாற்பது வயதிருக்கும். வீடு டாலாவில். காலையில் ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்து வருவார், சாயங்காலம் அதே ஃபெர்ரியில் திரும்புவார். அவர் செய்யும் பயணம் அவ்வளவுதான் — பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. ஆனால் ஐரோப்பாவில் எந்த ஓட்டலில் குளிக்கப் போக நாலு படி ஏற வேண்டும் என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார்.

எப்படித் தெரியும்? ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்களை உட்கார வைத்து, டீ கொடுத்து விசாரிப்பார். லிஃப்ட் இருந்ததா, பஸ் எங்கே நின்றது, மழை வந்தபோது எங்கே ஒதுங்கினீர்கள்... எல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

எங்களுக்குப் பத்து நாள் லீவு. பிரான்ஸின் ஒயின் ஊர்களில் ஒன்றில் அதைக் கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குடிப்பதற்கு அல்ல! கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினோடு எங்கள் அனுபவம் முடிந்துவிடும். அந்த அழகைப் பார்ப்பதற்கு.

ஆனால் எது? அல்சாஸ் என்றால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி, நடுவே மரச்சட்டம் போட்ட வண்ண வண்ண வீடுகள். லுவார் என்றால் அகலமான ஆறு, கரையோரம் அரண்மனைகள், வெள்ளைக் கல்லில் கட்டிய ஊர்கள். விசா மனுவோடு ஓட்டல் புக்கிங்கும் வைக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

என் மனசு அல்சாஸில் இருந்தது. ஸ்டெல்லாவைக் கேட்டால், "உங்க இஷ்டம்" என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பதிலைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை மா சுமதியைப் பார்க்கப் போனோம். கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. நான் மளமளவென்று மூன்று மாடி ஏறிவிட்டேன். ஸ்டெல்லா பின்னால் வந்தாள். மா சுமதி வாசலில் நின்று, அவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்க போட்டோ இந்த சைஸ் ஆகாது. கீழ ஸ்டூடியோவுல ஜெனரேட்டர் ஓடுது. புதுசா எடுத்துட்டு வந்துடுங்க. அக்கா இங்கயே இருக்கட்டும்."

அரைமணி கழித்துத் திரும்பினேன். ஸ்டெல்லாவின் கண்கள் ஈரமாக இருந்தன. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"கோவிக்காம கேளுங்கண்ணே," என்றார் மா சுமதி. "அக்காவுக்கு வலது முட்டியில வலி. மூணு மாசமாச்சாம். ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, கம்பியப் பிடிச்சு, இடது காலை மொதல்ல வச்சுத்தான் ஏறி வந்தாங்க."

மூன்று மாடி ஏறுவதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு மூன்று மாதமாகத் தெரியவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"சொன்னா ட்ரிப்பே வேணாம்னுடுவீங்க."

"பின்னே? இந்த முட்டிய வச்சுக்கிட்டு என்ன ட்ரிப்? கேன்சல் பண்ணிடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மயபூ!" என்றார் மா சுமதி. முடியாது என்பதை அவர் பர்மியத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. "போகணுமா வேணாமான்னு நான் கேக்கலண்ணே. எங்கன்னுதான் கேக்குறேன்."

நோட்டைத் திறந்தார். "அல்சாஸ் ரொம்ப அழகு. ஆனா நீங்க ஆசப்படுற ஊருங்கள்ல மேடும் கருங்கல் பாதையுமா இருக்கும். நீங்க மேல தோட்டத்துல நிப்பீங்க, அக்கா கீழ பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல வர மாட்டீங்க. லுவார்ல ஆத்தோரமா சமதரை. ஒயின் வைக்கிற குகைங்க ரோட்டு மட்டத்துலயே பாறையக் குடைஞ்சது, நேரா நடந்து உள்ள போயிடலாம்."

நோட்டை மூடிவிட்டு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஆனா அக்கா, இது உங்க முட்டிக்கு நான் சொல்றது. உங்களுக்கு எது வேணும்?"

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஆறுதான் வேணும். முட்டி நல்லா இருந்தாலும் ஆறுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவளிடம் இப்படிக் கேட்டதே இல்லையே? கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததும் இல்லை. லுவார் என்றே எழுதச் சொன்னேன்.

அடுத்த வாரமே டாக்டரிடம் காட்டினோம். "நடக்கலாம், மலை ஏற வேண்டாம்" என்றார். விசாவும் வந்தது.

என்ன ஊர் அது! ஆறு அவசரமே இல்லாமல் மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. வெயில் சாயும்போது கரையில் உள்ள வெள்ளைச் சுவர்கள் எல்லாம் தேன் நிறமாகிவிடுகின்றன. திராட்சை வரிசைகள் யாரோ சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி. ஸ்டெல்லா தினமும் நடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாகவே.

அல்சாஸ் ஆசை போய்விட்டதா? பொய் சொல்ல மாட்டேன்... போகவில்லை. ஆனாலும், ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போகிற ஆளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கடைசி நாள் மரப்படகில் போனோம். படகுக்காரர் ஆளுக்கு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் ஊற்றிக் கொடுத்தார். ஸ்டெல்லா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நல்ல நேரம் என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லாத விஷயம் இன்னும் ஏதாவது இருக்கா?"

"நிறைய இருக்கு," என்றாள். "பத்து நாள் பத்தாது."

அடுத்த லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.