ஆறின வண்டிக்கு மூன்று தட்டு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். 'எல்லா வகைக் கார்களும் பழுது பார்க்கப்படும்' என்று போர்டு இருக்கிறது. பார்க்கப்படும் என்றுதான் எழுதியிருக்கிறேன். சரி செய்யப்படும் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த முன்யோசனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஒரே காருக்கு மூன்று முறை தப்பாக வைத்தியம் பார்த்த கதை இது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். பக்கத்துக் கடை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாபு இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

1. பேட்டரி, பிளக், பெருமை

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோமதி போன் செய்தாள். மாமல்லபுரத்தில் வீடு. புருஷன் முருகேசன் ஸ்தபதி, கல் பட்டறை வைத்திருந்தவர். கல்லை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். நாலு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

"அண்ணாத்த, வண்டி பேஜாரு பண்ணுது. செல்ஃப் அடிச்சிகினே கீது, ஆனா புடிக்க மாட்டேங்குது. காலைல மட்டும்தான். ஒரு வாட்டி புடிச்சிட்டா அப்புறம் நாள் முழுக்க ஒண்ணும் இல்ல."

இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் டாக்டரிடம் சொல்ல முடியாது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனாலும் பேட்டரியை மாற்றினேன். காலை நேரம், நாஸ்தா சாப்பிடவில்லை, வேறு என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். அதே கதை. பிளக் நாலையும் மாற்றினேன். அடுத்த செவ்வாயும் அதேதான். இந்த முறை வண்டியை ஷெட்டிலேயே ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் நானே ஸ்டார்ட் செய்தேன். ஒரே சாவி. பூனை மாதிரி உறுமியது.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா. உன் கைக்குத்தான் இன்னும் பழகல," என்றேன்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று தப்பில் பெரிய தப்பு அதுதான்.

2. செவ்வாய், வெள்ளி

அடுத்த வாரம் புதன்கிழமை பாபு வந்து உட்கார்ந்தான். அவன் தங்கை வீடு கோமதி வீட்டுக்கு எதிர்வீடு.

"மச்சான், அந்த ஸ்தபதி வண்டிய இன்னா பண்ண நீ? நேத்தும் நின்னுச்சாம். அந்தம்மா ஸ்டியரிங்ல தலைய வெச்சிகினு அப்டியே உக்காந்துக்கினு இருந்துச்சாம்."

"எனக்கு ஒரே சாவியில எடுத்துச்சே!"

"உனக்கு எடுத்து இன்னா பிரயோஜனம்? நீயா அவர இட்டுகினு போவப் போற?"

அவன்தான் மற்றதையும் சொன்னான். செவ்வாய், வெள்ளி காலை எட்டு மணிக்குச் செங்கல்பட்டில் ஸ்தபதிக்குப் பிசியோதெரபி பயிற்சி. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், ஒன்றுகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டி அடம்பிடித்ததில் நாலைந்து போய்விட்டது. ஆட்டோவில் அவரால் ஏற முடியாது, பஸ் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காரின் சீட் உயரம்தான் அவருக்குச் சரி. அவருக்காகத்தான் கோமதி நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாள்.

அவளிடம் போய்த்தான் 'உன் கைக்குப் பழகவில்லை' என்று சொல்லியிருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்காத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

3. பின் சீட்டில் காது

ஆறின வண்டியின் நோயை ஆறின இடத்தில்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். கோமதியிடம் கேட்டு பானெட்டைத் திறந்து, பெட்ரோல் லைனில் கேஜை மாட்டினேன். முள் கீழே படுத்திருந்தது. லைனில் துளி பிரஷர் இல்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில், ஓடி முடித்த பிறகும் லைனில் கொஞ்சம் பிரஷர் நிற்க வேண்டும். பம்ப்பில் இருக்கிற சின்ன வால்வு அதைப் பிடித்துவைக்கும். அது தளர்ந்துபோனால், வண்டி நிற்க நிற்கப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் சாவி போட்டால் லைன் காலி.

அப்புறம் எனக்கு மட்டும் ஏன் எடுத்தது? என் பழக்கம் ஒன்று இருக்கிறது. சாவியை ஆன் செய்வேன், டேஷ்போர்டு லைட்டைப் பார்ப்பேன், ஆஃப் செய்வேன், மறுபடி ஆன். ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் இரண்டு நொடி ஓடி லைனை நிரப்பும். ஆக, நோயை நானே மறைத்துவிட்டு, வண்டியில் நோயே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

"நான் ஒண்ணும் தொடமாட்டேன். நீங்க தினமும் பண்ற மாதிரியே பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற பம்ப்பின் சத்தம் கேட்க அங்கே ஏறி, மண்டிபோட்டு சீட்டின்மேல் காதை வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு வாசலில் பாபுவின் தங்கை, "அண்ணாத்த, அங்க இன்னா தொலஞ்சிபோச்சி?" என்றாள்.

"என் மானம்தான்மா," என்றேன்.

கோமதி ஸ்தபதியைத் தாங்கிக்கொண்டு வந்து இடது சீட்டில் உட்காரவைத்தாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சாவியில் கை வைத்தாள். ஆனால் திருப்பவில்லை. காத்திருந்தாள்.

அவருடைய வலது கை, விழுந்துபோன கை, மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. கியர் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்கின்மேல் இரண்டு விரல்களால் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தாள். மூன்றாவதை அடிவரை அழுத்திப் பிடித்தபடியே சாவியைத் திருப்பினாள். செல்ஃப் சுற்றியது. வண்டி பிடிக்கவில்லை.

பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு அதுதான் முறை. ஆறியிருந்தால் மூன்று மிதி, அப்புறம் சாவி. இந்த வண்டியிலோ அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, வருகிற பெட்ரோலையும் நிறுத்திவிடும். காலி லைனுக்கு மேலே இது வேறு.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கத்தினேன்: "யாரும்மா இப்டி மிதிக்கச் சொன்னது? அதான் எடுக்கல! முழுத் தப்பு!"

கை தட்டின இடத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பிப் போனது. ஸ்தபதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோமதி பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "டிரைவிங் ஸ்கூல்ல மிதிக்காதன்னுதான் சொன்னாங்க. எனக்குத் தெரியாதா? அந்தக் கை வேற எதுக்கும் எழுந்துக்க மாட்டேங்குது அண்ணாத்த. பயிற்சியில பந்து குடுக்கறாங்க, புடிக்கல. இந்த வண்டில ஏறினா மட்டும் தானா எழுந்து வருது. அவரோட பழைய வண்டில இதான் பழக்கம். நான் மிதிக்கலைன்னா நாளைக்கு அது வருமா?"

சீட்டிலிருந்து காதை எடுத்தேன். அந்தக் காதைப் பிடித்து எனக்கு நானே திருகிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மணி ஏழு. எட்டுக்குச் செங்கல்பட்டில் இருக்க வேண்டும். வண்டி எடுக்க வேண்டும், கையும் எழ வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு ரிப்பேர் என் ஷெட்டுக்கு வந்ததில்லை.

இறங்கிப்போய் இடது பக்க ஜன்னலில் நின்றேன்.

"ஸ்தபதி, நான் சொன்னதுதான் தப்பு. நீங்க தட்டுறது சரி. ஆறின வண்டிக்கு மூணு வேணும், இதுக்கும் மூணுதான் வேணும். கால்ல இல்ல, சாவியில. நீங்க ஒரு தட்டு தட்டினா தங்கச்சி ஒரு வாட்டி ஆன் பண்ணி ஆஃப் பண்ணட்டும். பின்னாடி பம்ப் சத்தம் வரும், நீங்க கேளுங்க. கல்லு சத்தம் கேட்ட காதுதானே?"

அவர் திரும்பவில்லை. கோமதி சாவியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மீன்காரர் டி.வி.எஸ்ஸில் ஹாரன் அடித்துக்கொண்டே போய், தெருமுனை வரை போய்விட்டார். நான் எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். பாபு வீட்டுச் சாமியையும் விடவில்லை.

கை எழுந்தது.

ஒரு தட்டு. சாவி ஆன். பின் சீட்டுக்கு அடியில் 'ஙீ' என்று ஒரு சின்ன முனகல். ஸ்தபதி தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது தட்டு. முனகல் கொஞ்சம் கனத்தது. மூன்றாவது. கேஜில் முள் எழுந்து நின்றது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணும்மா. காலு மிதிக்கவே வேணாம்."

முதல் சுற்றிலேயே பிடித்தது. கேஜைக் கழற்றிக்கொண்டு பானெட்டை மூடினேன். எட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

4. தேவையில்லாத மூன்று

அடுத்த வாரம் புது பம்ப் போட்டேன். பழைய பேட்டரியையும் திருப்பி மாட்டினேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யாமல் வேலையை இழந்திருந்தது.

"இனிமே ஒரே சாவி போதும், மூணு தேவையில்ல," என்று கோமதியிடம் தனியாகச் சொன்னேன்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருகிட்ட போய்ச் சொல்லி வைக்காத," என்றாள்.

தேவையில்லைதான். ஆனால் அதனால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. இதை ஒரு மெக்கானிக்காகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

இப்போதெல்லாம் நின்று ஆறிய வண்டிக்கு அழைப்பு வந்தால் நான் பானெட்டைத் தொடுவதில்லை. "நீங்களே எடுங்க" என்று சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். வண்டியை மட்டும் பார்த்தால் பாதி நோய்தான் தெரியும். மீதிப் பாதி டிரைவர் சீட்டில் இருக்கும், சில சமயம் அதற்குப் பக்கத்து சீட்டில். அது என்ன என்று தெரிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. கடைசி விஷயத்தில் நான் இன்னும் அப்ரண்டிஸ்தான்.

புது பம்ப் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். பின் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்று தட்டு, மூன்று ஆன், வண்டி எடுத்தது. நான் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போது இன்னொரு தட்டு கேட்டது. நாலாவது.

பதறிப்போய், "இன்னாம்மா, நாலு?" என்றேன்.

கோமதி அவர் கையைப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்களும் பின்னால் என் பக்கம் காட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன்ன எறங்கச் சொல்றாரு அண்ணாத்த. லேட்டாவுதாம்."

இறங்கினேன்.