சிவப்பு மையில் போன சம்பந்தம்

என் புத்தகத்தின் புரூப் வந்திருக்கிறது. பக்கமெல்லாம் சிவப்பு மையில் வால் சுருட்டிய நீக்கல் குறிகள். எடிட்டர் வெட்டியதுபோக மிஞ்சியிருப்பது என் பெயர்தான். அதில் ஒரு தப்பும் கிடைக்கவில்லைபோல.

அந்தச் சுருட்டலைப் பார்த்ததும் நெய்யூரில் அச்சகமொன்றில் புரூப் திருத்திய பெரியப்பா நினைவுக்கு வந்தார். உலகத்தில் தனக்கு மட்டுமே தமிழ் தெரியும் என்று நம்பிய மனுஷன். மை வாடையோடுதான் சாப்பிட உட்காருவார். அம்மாவின் பலசரக்குச் சீட்டைக்கூடத் திருத்தாமல் விடமாட்டார்.

அக்காவைப் பெண் பார்த்துப்போன இரணியல்காரர்கள் சம்மதம் என்று கடிதம் எழுதினார்கள். அப்பா அதைப் பெரியப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தார். அவர் பதினேழு இடத்தில் குறி போட்டார். ஓரத்தில் 'திருத்தி மறுபடி அனுப்பவும்' என்று எழுதினார். பிறகு அச்சக வழக்கப்படி, எழுதியவர்களுக்கே தபாலில் அனுப்பிவிட்டார்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. அக்கா சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"பெரியப்பா, அவங்க இனி எழுதவே மாட்டாங்களா?"

"அவசரப்படாத மக்கா. அவ்வளவு தப்பையும் திருத்தணும்லா, நேரமெடுக்கும்."

அடுத்த வருஷம் அக்காவைப் பூதப்பாண்டியில் கொடுத்தோம். அந்த வீட்டாரிடம் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சம்மதத்த வாயால சொல்லுங்க, எழுதிராதீங்க."