மகேஸ்வரி அக்கா போன விஸ்கித் திருவிழா

கல்கத்தா சால்ட் லேக் தமிழர்கள் இன்றைக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மகேஸ்வரி என்று ஒரு பட்டாளத்துக்காரன் விதவை, நல்ல குடும்பத்து ஆண்களையெல்லாம் விஸ்கித் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டாளாம். சொல்கிறவர்களின் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். அங்கே இருக்கும் பாட்டில் அந்த மகேஸ்வரி அக்காவின் கையால் வந்ததாகத்தான் இருக்கும். நடந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு முழுநாளும் நான் அவளோடு இருந்தேன்.

அக்காவுக்கு ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஓர் ஆள் ராணுவத்தில் இருக்கும் கிராமம். ஹவில்தார் ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டு ஜம்மு, பூனா, பனாகர் என்று சுற்றிவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்தாள். தொண்ணூற்று நாலில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ராணுவ அலுவலகம் ஒன்றில் அவளுக்குத் தட்டச்சு வேலை கொடுத்தார்கள். கைக்குழந்தையாக வந்த மகள் மேக்னா, நான் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடிபோனபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சண்டை பிடிக்க மட்டும் வங்காளி, சாப்பாடு கேட்கத் தமிழ்.

நான் அரூர்ப் பக்கத்து ஆள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.இ. முடித்து, செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, அக்கா வீட்டுக்கு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கே ஜன்னலருகில் நின்றால் அவள் வீட்டுப் பின்வாசல் தெரியும். அங்கேதான் அந்த அசிங்கம் நடக்கும்.

ராணுவக் குடும்பங்களுக்குக் கேன்டீன் கார்டு உண்டு. மளிகை, சோப்பு, மாதாமாதம் சில மது பாட்டில்கள் எல்லாம் வெளிக்கடையைவிட மலிவு. அக்காவின் கார்டுக்கும் பாட்டில் உண்டு. அவள் தொடுவதில்லை. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒயர் கூடையில் பாட்டில்களை அடுக்கி, மேலே லால் ஷாக், அதாவது இங்கத்துச் சிவப்புக் கீரைக்கட்டைப் பரப்பி, பஸ்ஸில் தூக்கி வருவாள். இருட்டுவதற்குள் பின்வாசலில் ஒவ்வொரு ஆளாக வருவார்கள். மத்திய அரசு செக்ஷன் ஆபீசரும் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளருமான பட்டாபி சார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் வேலாயுதம். ரயில்வே பிரேம்குமார். வங்கியில் இருக்கும் கோபு.

"ஏம்மா, மருந்து வந்துடுத்தா?" என்பார் பட்டாபி. மருந்தாம்!

அதே ஆட்கள் மறுநாள் சங்கக் கூட்டத்தில் அவளைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் மனைவிமார் அவளைத் தள்ளி உட்கார வைப்பார்கள். "பாட்டில் வாங்குற பொம்பளை" என்று அவர்கள் பேசுவது அவள் காதிலும் விழும். யாருக்காக வாங்குகிறாள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் இப்படி.

ஒருநாள் நான் கேட்டேன். "எதுக்குக்கா இந்தச் சுமை? முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"மேக்னாவுக்கு ஜுரம்னா ராத்திரி ஆஸ்பத்திரிக்கு யாருப்பா வருவா? வேலாயுதந்தான் வந்தான். நாலு மனுசங்க வேணும்ல" என்றாள்.

அந்த நாலு மனுசர்களின் லட்சணத்தை 2006 ஜனவரியில் பார்த்தேன்.

கேன்டீனுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் ஒன்றின் ஆள் தாஸ்குப்தா. அக்காவின் அலுவலகத்துக்கு அடிக்கடி வந்துபோகிறவர். டயமண்ட் ஹார்பர் போகிற வழியில் ஆற்றங்கரை விடுதி ஒன்றில் அவர்கள் விஸ்கித் திருவிழா நடத்தினார்கள். பகல் முழுக்க நடக்கும். பல தேசத்து விஸ்கிகளைச் சின்னச் சின்னக் கிளாஸில் ருசி பார்க்கலாம். பாட்டு, சாப்பாடு எல்லாம் உண்டு. அவர் அக்காவுக்கு ஆறு பாஸ் கொடுத்தார்.

"நீ வருவியாப்பா?" என்று அவள் என்னிடம் கேட்டபோது முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"நீங்க குடிக்கவே மாட்டீங்களேக்கா?"

"யார் சொன்னது? அவரு இருந்தப்ப ஞாயித்துக்கெழமை மத்தியானம் எனக்கும் ஒரு சின்ன பெக் ஊத்துவாரு. குவார்ட்டர்ஸ் வாசல்ல நாற்காலி போட்டு, பக்கத்துவீட்டு சர்தார்ஜி, அவர் பெண்டாட்டி எல்லாம் உக்காந்து பேசிக்கிட்டே குடிப்போம். அவரு போனதுக்கப்புறம் தொடல. வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தியா குடிச்சா அது வேற மாதிரி ஆயிடும். வெளிச்சத்துல, நாலு பேரோட உக்காந்து ஒரு கிளாஸ் குடிக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் அவள் கேட்டது.

மற்ற நாலு பாஸையும் அந்த நாலு பேருக்கே கொடுத்தாள். அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வாரம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் திட்டம் போட்டார்கள். அவள் பஜ்ஜி போட்டு, டீ போட்டு, நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். பட்டாபி சார் ஒரு டாட்டா சுமோ ஏற்பாடு செய்தார். யார் முன்சீட், யார் ஜன்னல் என்று வேலாயுதமும் கோபுவும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டார்கள்.

"வெறும் வயித்துல குடிச்சா ஏறிரும். அக்கா, உங்க புளிசாதம் இல்லாம நான் வரவே மாட்டேன்" என்றான் வேலாயுதம்.

"உருளைக்கெழங்கு பொடிமாஸும் இருந்தா தேவலை" என்றார் பட்டாபி. வீட்டில், ஹால்டியா என்ற ஊரில் ஆடிட் மீட்டிங் என்று சொல்லிவிட்டதாகவும் பெருமையாக அறிவித்தார். "பாஸெல்லாம் எங்கிட்ட குடுத்துடுங்கோ. ஒண்ணு தொலைஞ்சாலும் கஷ்டம்." சங்கச் செயலாளர் கேட்டால் எதையும் கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆறு பாஸும் அவர் சட்டைப்பைக்குப் போயின.

சனிக்கிழமை காலை பனி விலகாத நேரத்தில் சுமோ வந்து நின்றது. அக்கா பச்சைக் கரை போட்ட தாந்த் கைத்தறிப் புடவையில், தோளில் சால்வையோடு வாசலில் நின்றாள். அடுக்கு டிபன் கேரியர் இரண்டும் தயார். கோபு அவற்றை வாங்கி வண்டிக்குள் வைத்தான். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உள்ளே ஏழாவதாக ஓர் ஆள் இருப்பதைப் பார்த்தேன். டிரைவரைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்திருந்த பட்டாபியின் மைத்துனன்.

பட்டாபி சார் இறங்கி அக்காவிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மகேஸ்வரிம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. நாங்க யோசிச்சோம். ஆம்பளைகள் கூட்டம். நீங்க தனிப் பொம்மனாட்டி. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. மேக்னாவுக்குக் கல்யாணம் காட்சின்னு வரணுமோல்லியோ? உங்க நல்லதுக்குத்தான். அந்தப் பாஸை என் மைத்துனருக்கு…"

அக்கா வேலாயுதத்தைப் பார்த்தாள். அவன் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு, "சார் சொல்றது ஒரு வகையில சரிதான்க்கா" என்றான்.

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"நீ எங்கடா இறங்கற? படிச்ச பையன், உனக்குப் புரியாதா?" என்றார் பட்டாபி.

"எங்க பரம்பரையிலேயே மொத ஆளாப் படிச்சவன் சார் நான். அவங்க பாஸை வாங்கிக்கிட்டு, அவங்க சோத்தையும் ஏத்திக்கிட்டு, அவங்களை வாசல்ல நிக்க வைக்கிறது எந்த செமஸ்டர்ல வருதுன்னு எனக்குத் தெரியல. நீங்க எந்தக் காலேஜ்?"

"வாயை அடக்கிப் பேசு!"

"அந்த டிபனை எறக்குங்க!"

டிபன் இறங்கவில்லை. வண்டிதான் கிளம்பியது. புளிசாத வாசனை தெருவில் கொஞ்ச நேரம் நின்றது. அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது.

அக்கா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு, புடவையை மாற்றப் போனாள். மேக்னா படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஓரா கே, மா? உன்னைப் போகாதேன்னு சொல்ல அவங்க யாரு?" என்று கத்தினாள். "தாஸ்குப்தா காக்கு பாஸ் குடுத்தது உனக்கா, அந்த ஆளுக்கா? என் கல்யாணத்தை எதுக்கு இதுல இழுக்கறாங்க? நீ போகலேன்னா நான் போறேன். போய் எல்லார் கிளாஸையும் உடைக்கறேன்."

அக்கா மாற்றுவதற்கு எடுத்த புடவையைத் திரும்பக் கொடியில் போட்டாள். "நீ படி. இன்னாத்துக்கு உனக்கு வம்பு?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தர்மதலாவுலேர்ந்து பஸ் இருக்குல்லப்பா?"

தர்மதலா போய், அங்கிருந்து நெரிசலான பஸ்ஸில் நின்று, அப்புறம் உட்கார்ந்து, கடைசியில் ஒரு சைக்கிள் வேனில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் அந்த நாலு பேரையும் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா வழியில் தெரிந்த வாத்துக் குளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"போதும்ப்பா. அவங்களையே நெனச்சுக்கிட்டு வந்தா நானும் அந்த வண்டியில போற மாதிரிதான்" என்றாள்.

விடுதி வாசலில் காவலாளி பாஸ் கேட்டான். நான் சண்டைக்குத் தயாரானேன். தேவைப்படவில்லை. உள்ளே நின்ற தாஸ்குப்தா அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "மகேஸ்வரி தி! ஆசுன், ஆசுன்! இவ்வளவு நேரமா?" என்று இந்தியும் வங்காளியும் கலந்து வரவேற்றார். அந்நியன் ஒருவன் கொடுத்த மரியாதையைப் பார்த்து என் கோபம் இன்னும் ஏறியது. எங்கள் ஆட்களுக்கு இது வராதா?

ஹூக்ளி ஆறு கடல் மாதிரி அகன்று கிடந்தது. புல்வெளியில் வெயில். குரங்குத் தொப்பி போட்ட வங்காளிப் பெரியவர்கள் மனைவிமாரோடு வரிசையாக நின்று கிளாஸை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே புது வெல்லத்துச் சந்தேஷ் இனிப்புத் தட்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் மேடையில், இது தீவில் செய்தது, புகை மணம் வரும் என்று விளக்கினார். அக்கா முகர்ந்து பார்த்தாள்.

"அய்ய! மிலிட்டரி ஆஸ்பத்திரி வராண்டாவக் கழுவி விட்ட மாதிரி இருக்குப்பா!"

பக்கத்தில் நின்ற வங்காளி அம்மாளுக்கு அவள் இந்தியில் அதைச் சொல்ல, அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இரண்டு பேரும் அடுத்த மேஜைக்குப் போனார்கள். அங்கே இருந்தது அக்காவுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி நின்றாள். "ஞாயித்துக்கெழமை" என்றாள்.

நான் ஒரு சொட்டும் தொடவில்லை. மரத்தடியில் ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். நடுவில் அக்காவின் டிபன் கேரியர். மைத்துனன் விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

நான் பாய்வதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளாஸை மறு கையில் ஏந்தி அவளே நடந்துபோய் அவர்கள் முன்னால் நின்றாள். பிரேம்குமார் வாயில் போட்ட கவளத்தை விழுங்க மறந்தான்.

"வா… வாங்கோ" என்றார் பட்டாபி. "நீங்க எப்படி… யாராவது பார்த்தா?"

"யாரு பாக்கணும் சார்? பாத்துட்டுப் பேசப்போற ஆளுங்க அஞ்சு பேரும் இங்கதானே கீறீங்க" என்றாள் அக்கா. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "உப்பு சரியாக்கீதா?"

வேலாயுதத்தின் காது சிவந்துபோயிருந்தது.

அப்போது பட்டாபியின் கைபேசி அடித்தது. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமி. பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல்.

"ஆமாண்டி, ஹால்டியாலதான் இருக்கேன். ஆடிட் நடந்துண்டிருக்கு. தலை நிமிர முடியலை. பச்சைத் தண்ணி குடிக்க நேரமில்லை" என்றார் பட்டாபி, கையில் கிளாஸோடு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது.

"அது யாரு, பொம்மனாட்டி சிரிக்கற சத்தம்?" என்று கேட்டாள் மாமி. எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பட்டாபி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். அதட்டுகிற மாதிரி கண்ணை உருட்டினார். பிறகு கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். காலையில் உங்க நல்லதுக்கு என்று சொன்ன அதே மனுஷன்! பதினோரு வருஷமாக அவள் சத்தமில்லாமல் சுமந்தது போதாது. தன் வீட்டுச் சண்டைக்காக அவள் சிரிப்பையும் விழுங்க வேண்டும். மேஜையைத் தூக்கி அவர் மேல் கவிழ்க்கலாமா என்று என் கை பரபரத்தது.

அக்கா அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சுற்றி இருந்த மேஜைகள் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

"இந்தச் சிரிப்பு… மகேஸ்வரின்னா அது?" என்றாள் மாமி.

"ஆமா மாமி, நான்தான்!" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாள் அக்கா. "விஸ்கித் திருவிழாவுக்கு வந்துக்கீறோம். உங்க வீட்டுக்காரரு புளிசாதம் சாப்புடறாரு!"

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது. பட்டாபி எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். கோபு அவசர அவசரமாகக் கேரியரை மூடினான். போகிற போக்கில் பட்டாபி, "சரி, கிளம்புங்கோ. பின்சீட்டுல ஒடுங்கி உக்காந்துண்டா உங்க வீட்டுல விட்டுடறோம். அதுக்கு முன்னாடி எங்காத்துக்கு வந்து மாமிகிட்ட ரெண்டு வார்த்தை விளக்கிச் சொன்னா போறும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டாள்.

"நீங்க போங்க சார்" என்றாள், ஆற்றின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. "நான் இன்னும் குடிச்சு முடிக்கல."